பெரிய றகரத்துக்கு ஒரு சுருதி

ஜூன் 2

அண்ணிக்கு,

ஐந்து மாதமாக உங்களுக்கு ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறேன் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உங்களுக்கே புரிந்திருக்கும். அண்ணனிடம்தான் முதலில் கேட்டேன். கம்ப்யூட்டரைப் பேச வைப்பதுதான் உங்கள் பிழைப்பே என்றும், உங்களையே கேட்கும்படியும் சொல்லிவிட்டு நழுவிவிட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள அவனுக்கு விருப்பமில்லை.

அச்சகத்தில் என் நாற்காலிக்கு ஆபத்து. பதினான்கு வருடமாகப் பாடப்புத்தகப் பக்கங்களில் பிழை பிடித்துக்கொண்டிருந்தவளை, கண் போன பிறகு விடுப்பில் வைத்திருந்தார்கள். போன வாரம் மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். வாசல் மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை இருக்கிறதாம், சம்பளம் குறையாதாம். நான் மெய்ப்புதான் பார்ப்பேன் என்றேன். எப்படி என்று கேட்டார். காதால் என்றேன்.

நல்ல மனிதர்தான், ஆனால் கறார். இந்த மாதம் மூன்று முறை பன்னிரண்டு பக்கம் தருவார். அவர் ஏற்கெனவே படித்துச் சிவப்பு மையில் திருத்திவிட்ட பக்கங்கள். எனக்குத் திருத்தாத கோப்பு வரும். கம்ப்யூட்டர் வாசிக்க வாசிக்க நான் கேட்டுப் பிழைப் பட்டியல் எழுதித் தரவேண்டும். தன் பிரதியோடு ஒப்பிட்டு, நான் தவறவிட்டதை எண்ணுவார். மூன்றில் ஒரு தடவையாவது ஐந்துக்குள் நின்றால் நாற்காலி என்னுடையது. இல்லையென்றால் வாசல் மேசை.

எனக்கு வேண்டியது குரல். இப்போது இருக்கிற குரல் ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டது. நீங்கள் பார்த்து நல்லதாக ஒன்று வைத்துத் தாருங்கள்.

இரண்டு நிபந்தனை. எழுத்துப்பிழை கண்டுபிடிக்கிற மென்பொருள் எதுவும் கூடாது. "மெஷின் கண்டுபிடிச்சா நான் மெஷினையே வெச்சுக்கறேன், உனக்கு எதுக்கும்மா சம்பளம்?" என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டாவது, எதையும் பூசி மெழுகாமல் சொல்லவேண்டும். கண் திரும்பாது என்று ஆகஸ்டிலேயே டாக்டர் சொன்னதை மறைத்து, டிசம்பர் வரை "சரியாயிடும், சரியாயிடும்" என்று என் தலையைத் தடவிக்கொண்டிருந்தீர்களே, அந்த மாதிரி இந்தத் தடவை வேண்டாம்.

முதல் தேர்வு எட்டாம் தேதி.

மூணுசுழி

*

ஜூன் 4

அன்புள்ள மூணுசுழிக்கு,

உன் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன், உன் அண்ணன் ஐந்து தடவை. தெருவில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் "இங்க மூணு சுழி ண வரணும்" என்று கத்துகிறவளுக்கு இந்தப் பெயரை வைத்தது தன் வாழ்நாள் சாதனை என்று அவருக்குப் பெருமை.

நிபந்தனை இரண்டுக்கும் சம்மதம். பழைய விஷயத்தைப் பற்றி நான் எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. அதனால் வேலையைப் பார்ப்போம்.

நேற்று நீ தூங்கிய பிறகு உன் கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைந்து பார்த்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்துக் கொடுத்திருக்கிற குரலைக் கேட்டதும் எனக்குப் பாவமாகிவிட்டது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய சரக்கு. எழுத்தெழுத்தாக ஒட்டிப் பேசுகிறது, மூச்சே விடுவதில்லை. நாள் முழுக்க அதை எப்படித்தான் கேட்டாயோ?

புதிதாக ஒரு பெண் குரல் இறக்கி வைத்திருக்கிறேன். மனுஷி பேசுவது போலவே இருக்கும். கேள்வியென்றால் குரல் ஏறும், காற்புள்ளியில் மூச்சு வாங்கும். வேகத்தை நூற்றுக்கு ஐம்பதில் வைத்திருக்கிறேன், பழகப் பழகக் கூட்டிக்கொள். சுருதியைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறேன், ஹெட்போனில் கீச்சென்று குத்தாமல் இருக்க. பழைய குரலை அழிக்கவில்லை. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒன்பதைத் தட்டினால் இதற்கும் அதற்கும் மாறும்.

நான் அனுப்பிய பெட்டி இன்னும் பிரிக்காமல் இருக்கிறது என்று அண்ணன் சொன்னார். அதற்குள் நல்ல ஹெட்போன்தான் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை. பிரி.

அண்ணி

*

ஜூன் 9

அண்ணிக்கு,

பெட்டியைப் பிரித்தேன். ஹெட்போன் நன்றாக இருக்கிறது.

முதல் தேர்வில் தவறவிட்டது பதினான்கு.

உங்கள் புதுக் குரலுக்குச் 'சர்க்கரை' என்று பெயர் வைத்திருக்கிறேன். பழைய குரலுக்குத் 'தகரம்'. எழுத்துத் தகரம் இல்லை, டப்பாத் தகரம். சர்க்கரையின் பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் குறை. கோப்பில் 'அவர்கல் வந்தார்கள்' என்று அச்சுக் கோத்திருந்தார்கள். அவள் வாயில் அது 'அவர்கள் வந்தார்கள்' என்றே வந்தது. 'மளை பெய்தது' என்று இருந்தது. அவளுக்கு ழவும் ளவும் ஒன்று, மழை கொட்டிவிட்டது. எழுத்தில் இருக்கிற பிழையெல்லாம் அவள் நாக்கில் பட்டதும் சரியாகிவிடுகிறது. அவள் வாசிப்பைக் கேட்டு, பக்கம் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேலாளர் பட்டியலை வாசித்துக் காட்டியபோது காது கூசியது. பயிற்சிக்கு வந்த முதல் வாரத்தில்கூட நான் பதினான்கு விட்டதில்லை. அவர் திட்டவில்லை. "வாசல்ல உக்காந்தா உனக்கும் நிம்மதிம்மா" என்றார். திட்டியிருக்கலாம்.

அடுத்தது பதினாறாம் தேதி. ஏதாவது செய்யுங்கள்.

மூணுசுழி

*

ஜூன் 11

மூணுசுழிக்கு,

பதினான்கைக் கேட்டு இங்கே இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. தப்பு உன்மேல் இல்லை. மனிதக் குரல் மாதிரிப் பேசுகிற குரல்கள் எல்லாமே இப்படித்தான். கோடிக்கணக்கான சரியான வாக்கியங்களைக் கேட்டு வளர்ந்தவை, தப்பு வந்தாலும் சரியான பக்கமே சாயும்.

அதற்காகத் தகரத்துக்குப் போகாதே. நாள் முழுக்கக் கேட்டால் மண்டை வெடித்துவிடும். சர்க்கரையையே கொஞ்சம் செப்பனிட்டிருக்கிறேன். வேகத்தை நாற்பதாக்கினேன். அவளுக்கு உச்சரிப்பில் சந்தேகம் வருகிற சொல்லுக்கு முன்னால் லேசாகத் தொண்டையைச் செருமுவாள். செருமினால் நீ நிறுத்தி, அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டுக்கொள். அவ்வளவுதான்.

உன் அண்ணன் தினமும் காலையில் என்னிடம் "இன்னிக்கு அவளுக்கு என்ன பண்ணே?" என்று கேட்கிறார். உன்னிடம் கேட்கப் பயம்.

அண்ணி

*

ஜூன் 17

அண்ணிக்கு,

இரண்டாவதில் ஒன்பது.

பதினான்கிலிருந்து ஒன்பது, முன்னேற்றம் என்று அண்ணன் சொல்வான். நேற்று மத்தியானம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். சர்க்கரை செருமச் செருமப் பிடித்தேன், கை ஓயாமல் பிடித்தேன். பட்டியல் மூன்று பக்கம் வந்தது. நாற்காலி கிடைத்துவிட்டது என்றே நம்பிக்கொண்டு போனேன்.

தவறவிட்ட ஒன்பதையும் எழுதுகிறேன், படியுங்கள். பணி மூட்டம். சட்டையில் படிந்த கரை. வகுப்பு அரை. மனம் வீசும் மலர். தலை வளி. வலி தவறிய ஆடு. மீதி மூன்றும் இதே ஜாதி. ஒன்பதும் அகராதியில் உள்ள சொற்கள். இடம்தான் தப்பு. அர்த்தமே இல்லாத சொல் ஒன்றுகூட என் கையைத் தப்பிப் போகவில்லை.

பதினான்கு வருட அனுபவத்தில் சொல்கிறேன், மனுஷக் காது இப்படிப் பிரித்துப் பிழை விடாது. அகராதி வைத்துக்கொண்டு தேடுகிறவன்தான் இப்படி விடுவான்.

சர்க்கரை எதற்காகச் செருமினாள் என்று எனக்கு எழுதுங்கள்.

மூணுசுழி

*

ஜூன் 18

மூணுசுழிக்கு,

நீ நினைத்ததுதான். உச்சரிப்புச் சந்தேகம் என்று நான் சொன்னது பொய். இரண்டு லட்சம் சொல் அடங்கிய பட்டியல் ஒன்றைப் பின்னால் வைத்திருந்தேன். அதில் இல்லாத சொல் வந்தால் செருமும். வேண்டாம் என்று நீ சொன்ன அதே பிழைதிருத்திதான்.

உன்னிடம் சொன்னால் எடுக்கச் சொல்வாய். எடுத்தால் நாற்காலி போய்விடும். நீ வாசல் மேசையில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. செருமலுக்காக நீ காத்திருப்பாய், மற்றதைக் கேட்பது குறைந்துபோகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இது என் தொழில், தோன்றியிருக்கவேண்டும். ஒன்பதில் பாதியாவது என் கணக்கில் வரும்.

ஆகஸ்டிலும் இதே புத்திதான். டாக்டர் சொன்ன அன்று உன் அண்ணன் உன்னிடம் சொல்லிவிடலாம் என்றார். நான்தான் தடுத்தேன். இதுவரை அவர் உன்னிடம் அதைச் சொல்லவில்லை, பழியைப் பங்கு போட்டுக்கொண்டார். நீ அன்று காலை ஜன்னல் கம்பியை எண்ணிவிட்டதாகச் சந்தோஷப்பட்டாய். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நாலு மாதம் ஓடிவிட்டது.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அண்ணி

*

ஜூன் 19

அண்ணிக்கு,

சர்க்கரையை அணைத்துவிட்டேன். உங்கள் கடிதத்தைத் தகரத்தில்தான் கேட்டேன்.

கண் திரும்பாது என்று எனக்கு முதலில் சொன்னது யார் தெரியுமா? இதே தகரம். டிசம்பரில் ஆஸ்பத்திரியில் இந்தக் கம்ப்யூட்டரைப் பழக்கிக் கொடுத்தபோது, பழகிப் பார்க்கலாமே என்று அண்ணனிடமிருந்து வந்த பழைய மெயில் ஒன்றைத் திறந்தேன். பில்லை அனுப்புவதாக நினைத்துக்கொண்டு டாக்டர் அறிக்கையை அனுப்பியிருந்தான், மண்டு. அறிக்கை முழுவதையும் தகரம் மூச்சு விடாமல் ஒப்பித்தது. பக்கத்தில் பழக்குகிற பெண் இருந்தாள், அழக்கூட முடியவில்லை. அந்த நாலு மாதத்தில் நான் தட்டச்சு பழகியிருக்கலாம், அச்சகத்தில் முன்கூட்டியே பேசியிருக்கலாம். ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் அதில்தான்.

என் குற்றமும் ஒன்று உண்டு. செருமல் சத்தம் வந்தபோதே எனக்கு ஏதோ இடித்தது. கேட்காமல் விட்டேன். ஐந்துக்குள் வந்தால் போதும் என்ற ஆசை.

கடைசித் தேர்வு இருபத்தாறு. இனி தகரம் ஒன்றுதான். அதனிடம் ஒரு நல்ல குணம்: எதையும் திருத்தாது. ஆனால் அதற்கும் ன, ண ஒன்று. ர, ற ஒன்று. ல, ள, ழ மூன்றும் ஒன்று. எல்லாம் தட்டை. பெரிய எழுத்து வந்தால் எனக்கு வேறு மாதிரிக் கேட்கவேண்டும். எப்படி என்று உங்கள் மூளையைக் கேளுங்கள்.

அதோடு, என்னிடம் இன்னும் எதையாவது மறைத்து வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்குப் பதிலில் எழுதிவிடுங்கள். ஒரே தடவையாகக் கேட்டுவிடுகிறேன்.

மூணுசுழி

*

ஜூன் 21

மூணுசுழிக்கு,

முதலில் வேலை. இரண்டு நாள் அலுவலகத்துக்கு மட்டம் போட்டேன்.

முதல் யோசனை: ண, ள, ற வந்தால் ஓர் ஆம்பிளைக் குரல் சொல்லட்டும் என்று போட்டுப் பார்த்தேன். 'வெள்ளம்' என்ற ஒரு சொல்லில் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். உன் அண்ணன் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார். இரண்டாவது, சொல்லுக்கு முன் 'டிக்' சத்தம். ஒரு பத்தி முடிவதற்குள் சுவர்க் கடிகாரக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிட்டது.

இப்போது வைத்திருப்பது இதுதான். குரல் ஒன்றே, சொல்லும் உடையாது. ண, ள, ற வரும் எழுத்தில் மட்டும் சுருதி ஏறும். ழ வந்தால் இறங்கும். ன, ல, ர தட்டையாகவே இருக்கும். 'மணம்' நடுவில் ஏறும், 'மனம்' ஏறாது. வேகம் முப்பத்தைந்து. வேகம் கூடினால் ஏற்றம் காதில் நிற்காது. நிறுத்தற்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லும்படி வைத்திருக்கிறேன். தினமும் தவராமல் ஒரு மணி நேரம் கேட்டுப் பழகு. பின்னால் பட்டியல், அகராதி எதுவும் இல்லை. நம்பிக்கை இல்லையென்றால் வேறு யாரையாவது வைத்துத் திறந்து பார்த்துக்கொள்.

நீ கேட்ட இன்னொன்று. இருக்கிறது.

ஏப்ரலில் எடுத்த பரிசோதனையின் முடிவு உன் அண்ணன் மெயிலுக்குத்தான் வந்தது. இடது கண்ணில் இப்போது தெரிகிற அந்த வெளிச்சமும் நிற்காது. ஒரு வருடம், அதிகம் போனால் இரண்டு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். மருந்து போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். கடிதத்தை அப்படியே இதோடு இணைத்திருக்கிறேன்.

வேறு எதுவும் இல்லை.

அண்ணி

*

ஜூன் 22

அண்ணிக்கு,

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் இதைச் சொல்லவேண்டுமா? ஏப்ரலிலிருந்து வைத்திருந்தீர்கள், இன்னும் ஐந்து நாள் வைத்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

தெரியும், நான்தான் கேட்டேன். கேட்டவளுக்கே கோபம் வருகிறது, என்ன செய்ய? நேற்று முழுக்க இடது கண்ணைத் திறந்து மூடி, ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. சாயங்காலம் வரை இருந்தது. ஒரு பக்கம்கூடப் பழகவில்லை.

இன்று உட்கார்ந்தேன். சுருதி விஷயம் பிரமாதம். அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. ஆனால் 'காற்று', 'நேற்று', 'ஒற்றை' எல்லாம் விக்கல் எடுத்த மாதிரி வருகிறது. ற்ற வருகிற இடத்தில் எந்த அச்சுக்கோப்பவனும் ரகரம் போடுவதில்லை, அங்கே ஏற்றத்தை எடுத்துவிடுங்கள். ன்றவுக்கும் அதே. ண்டவில் எடுக்காதீர்கள், 'வன்டி' ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

உங்கள் கடிதத்தில் 'தினமும் தவராமல்' என்று இருந்தது. தகரம் தட்டையாகச் சொன்னது. பெரிய ற போடுங்கள்.

மூணுசுழி

*

ஜூன் 23

மூணுசுழிக்கு,

சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். உன் வீட்டில் வாழ்க்கைப்பட்ட அன்றே இதற்குத் தயாராகிவிட்டேன்.

ற்ற, ன்ற இரண்டிலும் ஏற்றத்தை எடுத்தாகிவிட்டது. ண்ட அப்படியே இருக்கிறது. ஒரு குறை மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. தகரத்தை நடுவில் நிறுத்தி மறுபடி ஓடவிட்டால், கடைசியாகச் சொன்ன சொல்லை இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் தொடரும். சில சமயம் வரி முடிவிலும் அப்படிச் செய்யும். உள்ளே இருக்கிற பழைய கோளாறு, கைவைத்தால் வேறெங்காவது கெடும். அதைக் கண்டுகொள்ளாதே.

தவறாமல், தவறாமல், தவறாமல். மூன்றும் பெரிய ற. சரியா?

அண்ணி

*

ஜூன் 27

அண்ணிக்கு,

ஐந்து.

மேலாளர் தன் பிரதியில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார், தாள் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தொண்ணூற்றிரண்டு பிழையில் எண்பத்தேழு பிடித்திருக்கிறேன். விட்டது ஐந்து. "அஞ்சுக்குள்ளன்னா அஞ்சும் சேர்த்திதான்" என்று அவரே சொன்னார். திங்கட்கிழமை உத்தரவு தட்டச்சு செய்து தருவதாகச் சொன்னார். அச்சுக்கோக்கும் அறையில் எல்லோரும் கை தட்டினார்கள்.

இங்கே முடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் ஆற்றுக்குப் பாலம் கட்டுகிற கதை ஒன்று இருந்தது. நல்ல கதை. பிழைக்காகக் கேட்டபோது கதை காதில் ஏறவில்லை. நாலு நாள் தகரம் கேட்டுத் தலை கனத்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிக்கொண்டு சர்க்கரையை வாசிக்கச் சொன்னேன், வெறும் கதைக்காக. பாதியில் அவள் அழகாக, நிதானமாகச் சொல்கிறாள்: 'தண்ணீர் வடிந்த பிறகு பிறகு வேலை தொடங்கியது.'

எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு 'பிறகு' வரியின் கடைசியில், இன்னொன்று அடுத்த வரியின் முதலில். தகரமும் அன்று இரண்டு தடவைதான் சொல்லியிருக்கும். அதன் பழக்கம் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். மேலாளர் பிரதியிலும் அது இல்லை. கண்ணால் படிக்கிறவர்களுக்கு வரி திரும்புகிற இடத்தில் இரட்டிப்பு தெரியாது, என் கண் நன்றாக இருந்த காலத்தில் நானே எத்தனையோ விட்டிருக்கிறேன்.

ஆக, நான் விட்டது ஆறு. ஐந்தென்று அவர் எண்ணியதற்குக் காரணம் அவரும் விட்டிருப்பதுதான். எனக்கும் உங்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. என்ன செய்யட்டும்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மூணுசுழி

*

ஜூன் 28

மூணுசுழிக்கு,

பூசி மெழுகாமல் கேட்டாய், பூசி மெழுகாமல் சொல்கிறேன். நானாக இருந்தால் சொல்லமாட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு திங்கட்கிழமை போய் உத்தரவை வாங்கி வருவேன். ஒரு 'பிறகு' கூட வந்ததால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது. இரண்டு வருடம் கழித்து, நாற்காலி கெட்டியான பிறகு, சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் பண்ணிக்கொள்வேன். நான் அப்படிப்பட்டவள், உனக்கே தெரியும்.

உன் அண்ணனிடம் கேட்டேன். "அவ ஏற்கெனவே முடிவு பண்ணியிருப்பா, நம்மகிட்ட சும்மா கேக்கறா" என்றார்.

சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. சொல் என்றும் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு நீ அந்த நாற்காலியில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் தெரிகிறது. என்ன ஆனாலும் உடனே எழுது.

அண்ணி

*

ஜூன் 30

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வரவில்லை. இந்த வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதியதிலேயே ஒளிவுமறைவு இல்லாத கடிதம் அது. சொல்லிவிட வேண்டாம் என்று எனக்குள்ளும் ஒருத்தி நேற்று முழுக்க அதே நியாயங்களைப் பேசிக்கொண்டிருந்தாள். நீங்கள் எழுதி அதைக் காதால் கேட்டபோதுதான், இதை நான் செய்துவிட்டு உங்கள்மேல் கோபப்படும் உரிமையை இழக்க முடியாது என்று தோன்றியது. பெரிய நேர்மை எல்லாம் ஒன்றுமில்லை. வீம்பு.

காலையில் போனதும் நேராக மேலாளர் அறைக்குப் போனேன். ஒன்பதாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி என்றேன். தாளைப் புரட்டினார்.

"இது என் காப்பியில இல்லையேம்மா."

"இல்ல சார். அதனாலதான் அஞ்சுன்னு எண்ணிட்டீங்க. நான் விட்டது ஆறு."

அவர் நாற்காலி கிரீச்சிட்டது. அந்தப் புத்தகம் போன மாதமே அச்சாகி வெளியே போய்விட்டது என்றார். ஆறென்றால் ஆறுதான், ஐந்தாகாது என்றும் சொன்னார். நான் சரி என்று எழுந்துவிட்டேன். வாசல் மேசைக்கு எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்றுகூட மனதில் கணக்குப் போட்டாகிவிட்டது. கதவருகில் போனபோது கூப்பிட்டார். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். சர்க்கரையைப் பற்றிச் சொன்னேன்.

உடனே ஹெட்போனைப் போடச் சொன்னார். அவர் படித்து முடித்து, அச்சுக்குப் போகத் தயாராக இருந்த முப்பது பக்கத்தைத் திறந்து கொடுத்தார். எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். சர்க்கரையை வேகம் எழுபதில் ஓடவிட்டேன். முப்பது பக்கத்தில் மூன்று இரட்டிப்பு, ஓரிடத்தில் ஒரு வரியே இரண்டு தடவை. ஒவ்வொன்று சொல்லும்போதும் அவர் பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. நாலாவதுக்குப் பிறகு மூடவே இல்லை.

நாற்காலி எனக்குத்தான். ஆறு மாதத்துக்கு. அட்டவணை, கணக்குப் பக்கங்கள் எனக்கு வராது, அதில் அவர் பிடிவாதமாக இருக்கிறார். மற்றபடி அவர் படித்து முடித்த பக்கங்களும் கடைசியாக ஒரு தடவை என் காது வழியாகப் போகும். முதலில் தகரம், பிறகு சர்க்கரை என்று எனக்கு நானே வரிசை வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இரண்டையும் பழுது பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.

இடது கண் பற்றி எழுத வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுங்கள். நான் அழுதால் அழவிடுங்கள், அதற்கு மருந்து எதுவும் சொல்லவேண்டாம்.

மத்தியானம் உத்தரவு தட்டச்சாகி வந்தது. கோப்பாகவும் அனுப்பச் சொன்னேன். எழுத்தெழுத்தாகக் கேட்டால், பதவி என்ற இடத்தில் 'மெய்ப்புத் திருத்துனர்' என்று இரண்டு சுழி ன போட்டிருக்கிறார்கள். திருத்துநர் என்றுதான் வரவேண்டும், தந்நகரம். மேலாளர் பரவாயில்லை, கையெழுத்துப் போடும்மா என்றார். சரி பண்ணி எடுத்து வாருங்கள், அப்புறம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு என் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூணுசுழி